அத்தியாயம் 6: நாலு ஹிட் பாயிண்ட் கணக்குப்பிள்ளை

கோப்ளினுக்குப் புத்தகத்தில் எண் இருக்கிறது. டிராகனுக்கும் இருக்கிறது. துறைமுகத்தில் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடி வழியாக உங்கள் ஆட்டக்காரர்களை முறைக்கிறாரே ஒரு கணக்குப்பிள்ளை, அவருக்கு என்ன எண் போடுவது? சாட்சி சொல்லப் பயப்படும் கிழவிக்கு? கோபமாக வந்து நிற்கும் ஊர்க்கூட்டத்துக்கு? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தத் தொடங்கிய டன்ஜன் மாஸ்டர்கள் (டிஎம்கள்) நாலைந்து அமர்வுக்குள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். பாதிப் பேர் அந்த நேரத்தில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிச் சமாளிப்பார்கள். அது ஒன்றிரண்டு முறை ஓடும்.

இந்த அத்தியாயம் அதற்கான வேலைமுறை. கணக்குகள் எல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துப் போட்டவை. 2024 விதிகள் எங்கே மாறுகின்றனவோ அங்கே சொல்லியிருக்கிறேன். தேவையானவை ஒரு கெட்டி அட்டை, ஒரு பென்சில், பத்து நிமிடம்.

புத்தக எண் சொல்வதும் சொல்லாததும்

சேலஞ்ச் ரேட்டிங் எனப்படும் சிஆர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: சண்டை மூண்டால் இந்த ஆள் ஆட்டக்காரர்களை எவ்வளவு வதைப்பார்? மான்ஸ்டர் மேனுவலில் சாதாரணக் குடிமகனின் சிஆர் 0. ஆர்மர் கிளாஸ் 10, ஹிட் பாயிண்ட் 4, எல்லாத் திறன்களும் 10, கையில் ஒரு தடி. அடி விழுந்தால் ஒரு நாலு முகப் பகடை அளவு சேதம். அவரைக் கொன்றால் கிடைப்பது 10 அனுபவப் புள்ளி, அதாவது எக்ஸ்பி. உருப்படியான தாக்குதலே இல்லாத தவளை போன்றவற்றுக்கு அதுவும் கிடையாது, சுழியம்தான்.

முந்தைய பதிப்புகளில் நிலைமை இன்னும் மோசம். 3.5 பதிப்பின் குடிமகனுக்கு உயிரே ஒரு நாலு முகப் பகடைதான். வீட்டுப் பூனை ஒரு சுற்றில் மூன்று முறை தாக்கும், பட்ட ஒவ்வொன்றும் குறைந்தது 1 சேதம். பூனையிடம் தோற்கும் விவசாயி என்று ஆட்டக்காரர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். கேலி நியாயமானதுதான்.

ஆனால் கணக்குப்பிள்ளையிடம் யாரும் சண்டை போட வரவில்லை, பேரேட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அதற்கு சிஆர் உதவாது. எனவே சண்டை தெரியாத பாத்திரத்துக்கு இரண்டு எண் வேண்டும். ஒன்று அடித்தால் எவ்வளவு கடினம் என்பது. மற்றது வேண்டியதை வாங்குவது எவ்வளவு கடினம் என்பது. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்ப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

அட்டை போடும் முறை

1. சண்டை எண்ணை மூலையில் எழுதுங்கள். சிஆர் 0, ஹிட் பாயிண்ட் 4. காவலரானால் சிஆர் 1/8, ஹிட் பாயிண்ட் 11. எழுதியதும் அதை மறந்துவிடலாம். இந்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ இனி எந்தக் காரணமும் இல்லை.

2. ஆட்டக்காரர்களுக்கு இவரிடம் என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "மூன்று நாளுக்கு முன் வந்த கறுப்புப் பாய்மரக் கப்பலிலிருந்து என்ன இறங்கியது என்று பேரேட்டில் பார்க்க வேண்டும்." இந்த வரியை எழுத வரவில்லையானால் அவர் இன்னும் தடையாக மாறவில்லை, வெறும் ஊர்க்காரர். அட்டையைக் கிழித்துவிடலாம்.

3. கொடுப்பதால் அவருக்கு என்ன நட்டம் என்று பாருங்கள். 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இதற்கு ஓர் எளிய அட்டவணை உண்டு. பாத்திரத்தின் மனநிலை மூன்று வகை: நட்பு, அக்கறையின்மை, பகை. உருட்டலில் எட்ட வேண்டிய எண்ணான டிசி 0, 10, 20. அக்கறையில்லாதவர் தனக்கு ஆபத்தில்லாத காரியத்தை 10-க்குச் செய்வார், சிறிய ஆபத்துள்ளதை 20-க்குச் செய்வார். பெரிய ஆபத்தென்றால் எந்த உருட்டலுக்கும் மசியமாட்டார். நட்பானவரானால் அந்தப் பெரிய ஆபத்தையும் 20-க்கு ஏற்பார்.

   நம் கணக்குப்பிள்ளை அக்கறையில்லாதவர். வெளியாளுக்குப் பேரேட்டைக் காட்டினால் வேலை போகலாம். அது சிறிய ஆபத்து, எனவே டிசி 20. அதே கப்பலின் முதலாளி ஆள் வைத்துக் கொல்பவன் என்று வைத்தால் கதை மாறுகிறது. முதலில் அவரை நட்பாக்க வேண்டும், அதன்பிறகுதான் பகடை. ஒரு படி வேலை இரண்டு படியாகிவிட்டது. கடினத்தைக் கூட்ட இதுதான் நேர்மையான வழி: டிசி எண்ணைத் தொடாமல் அவருடைய நட்டத்தைக் கூட்டுங்கள்.

4. அவரை அசைக்கக்கூடிய ஒரு பிடியை எழுதுங்கள். ஒன்று போதும். மகன் படகு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது, அல்லது இருபது வருடமாகத் தவறே வராத தன் கணக்கில் பெரும் பெருமை. ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இன்சைட் உருட்டலில் இது வெளிப்படலாம். மேசை மேல் கடன் சீட்டு ஒன்று கிடப்பதாக நீங்களே சொல்லிவிடவும் செய்யலாம். அந்தப் பிடியைச் சரியாகப் பிடித்தவருக்கு உருட்டலில் அட்வான்டேஜ் கொடுங்கள், அல்லது மனநிலையை ஒரு படி ஏற்றுங்கள்.

5. உருட்டலின் வாய்ப்பைக் கணக்கிடுங்கள். இதை விடவே கூடாது. முதல் லெவல் பார்டுக்கு பர்சுவேஷன் +5 என்று வையுங்கள். டிசி 10 ஆனால் 80 சதவீதம் வெற்றி, 15 ஆனால் 55, 20 ஆனால் 30. அட்வான்டேஜ் இருந்தால் அந்த 30 ஏறக்குறைய 51 ஆகிவிடும். பிடியைக் கண்டுபிடித்த குழுவுக்கும் கண்டுபிடிக்காத குழுவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பேச்சுக்குப் பலன் இருக்கிறது என்பது ஆட்டக்காரர்களுக்குத் தானாகப் புரியும்.

6. அடித்தால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். யார் பார்ப்பார்கள், யார் வருவார்கள், எந்தக் கதவு மூடிக்கொள்ளும்? புத்தகத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி ஷ்ரீக்கர் என்ற காளான். சிஆர் 0, தாக்குதல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 30 அடிக்குள் யாராவது வந்தால் 300 அடி தூரம் கேட்கும்படி அலறும். அந்த அலறலுக்கு எது வருகிறதோ அதுதான் அதன் உண்மையான பலம். கணக்குப்பிள்ளையும் அப்படியே. அவர் கத்தினால் துறைமுகக் காவலர் பத்துப் பேர் வருவார்கள் என்று வையுங்கள். தலைக்கு 25 எக்ஸ்பி வீதம் 250, எதிரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும் பெருக்கெண் பத்துப் பேருக்கு 2.5, ஆக 625. இரண்டாம் லெவல் ஆட்டக்காரர் நால்வருக்கு 600 வந்தாலே கடினமான சண்டை. நாலு ஹிட் பாயிண்ட் மனிதரை அடிக்கும் விலை அது.

7. மந்திரக் குறுக்குவழிகளைச் சரிபாருங்கள். முதல் படி மந்திரங்களில் சார்ம் பர்சனும் ஸ்லீப்பும். இரண்டாம் படியில் சஜெஷன், டிடெக்ட் தாட்ஸ், சோன் ஆஃப் ட்ரூத். குடிமகனின் விஸ்டம் 10, எனவே டிசி 13 மந்திரத்திலிருந்து அவர் தப்ப வாய்ப்பு 40 சதவீதம்தான். ஆட்டக்காரர் மந்திரத்தைச் செலவழித்து வேலையை முடித்தால் முடிக்கட்டும், அதற்குத்தான் மந்திரம் இருக்கிறது. ஆனால் சார்ம் பர்சன் தீர்ந்ததும் தன்னை யார் மயக்கினார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வரியை ஆறாம் படிக்கு அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. கடினத்தைத் தீர்மானித்து எக்ஸ்பி எழுதுங்கள். தோற்றால் உண்மையிலேயே ஏதாவது கெடும் என்ற நிலை இருந்தால், அதே கடினமுள்ள சண்டைக்குக் கொடுக்கும் எக்ஸ்பியை இதற்கும் கொடுக்கலாம் என்று டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு சொல்கிறது. நான் பிரிக்கும் விதம் இது. வாய்ப்பு முக்கால்வாசிக்கு மேல், தோற்றாலும் நட்டமில்லை என்றால் எக்ஸ்பி கிடையாது. வாய்ப்பு பாதியளவு, தோற்றால் விலை உண்டு என்றால் நடுத்தரம். இரண்டு படி ஏற வேண்டும் என்றால் கடினம். இரண்டாம் லெவல் நால்வருக்கு நடுத்தரம் என்பது மொத்தம் 400 எக்ஸ்பி. கணக்குப்பிள்ளையைக் கொன்றால் 10, பேச்சில் வென்றால் 400. இந்தக் கணக்கை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கத்தியை உருவும் கைகள் கொஞ்சம் யோசிக்கும்.

கூட்டமாக வந்தால்

தனியாளாக ஒன்றுமில்லாதவர்கள் இருபது பேராக வந்தால் என்ன? இந்த இடத்தில் இரண்டு புத்தகங்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 2014 விதிப்படி இருபது குடிமக்கள் 200 எக்ஸ்பி, பதினைந்துக்கு மேற்பட்ட கூட்டத்துக்குப் பெருக்கெண் 4, ஆக 800. முதல் லெவல் நால்வருக்கு 400 வந்தாலே உயிராபத்து. 2024 விதிகளில் அந்தப் பெருக்கெண்ணையே எடுத்துவிட்டார்கள். அதே கூட்டம் வெறும் 200, அதாவது மூன்று தரங்களில் அடித்தரம்.

எதை நம்புவது? இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுச் சேதத்தை எண்ணுங்கள். ஒருவரைச் சுற்றி எட்டுப் பேர்தான் நிற்க முடியும். ஆர்மர் கிளாஸ் 16 உள்ள போர்வீரன் மேல் ஒவ்வொரு தடியடியும் 35 சதவீதம் படும், பட்டால் சராசரி 2.5. எட்டுப் பேரும் அடித்தால் ஒரு சுற்றுக்கு 7. ஆர்மர் கிளாஸ் 12 உள்ள மந்திரவாதியைச் சுற்றினால் அதுவே 11. அவருக்கு மொத்தமே எட்டு ஹிட் பாயிண்ட்தான் இருக்கும்.

ஆக, திறந்த வெளியில் சூழ்ந்துகொண்டால் 2014 புத்தகம் சொல்வது சரி. வாசலில் ஒருவர் மறித்து நின்றால் 2024 புத்தகம் சொல்வது சரி. ஊர்க்கூட்டத்தின் கடினத்தைத் தீர்மானிப்பது தலை எண்ணிக்கையைவிட இடந்தான். வரைபடம் போடும்போதே இதை முடிவு செய்துவிடுங்கள்.

*குறிப்பு:* ஊர்க்காரர்கள் கடைசி ஆள் விழும்வரை சண்டை போடமாட்டார்கள். 2014 கைடில் துணிச்சலைச் சோதிக்கும் விருப்ப விதி ஒன்று உண்டு, டிசி 10 விஸ்டம் உருட்டல். குடிமக்கள் அதில் 45 சதவீதம் தோற்பார்கள். முதல் இரண்டு பேர் விழுந்ததும் கூட்டத்துக்கே ஒரு முறை உருட்டிவிடுங்கள் என்பது என் பழக்கம்.

காப்பாற்ற வேண்டியவர்

பலவீனமான பாத்திரம் ஆட்டக்காரர்களின் பக்கம் நிற்கும்போது கடினம் எப்படி ஏறும் என்பதற்கு, 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர் நல்ல பாடம். அதை இனிமேல்தான் ஆட்டக்காரராக விளையாடப் போகிறீர்கள் என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கோப்ளின் குகையின் ஓர் அறையில் யீமிக் என்பவனையும் சேர்த்து ஆறு கோப்ளின்கள். கைதியாக சில்டார் ஹால்விண்டர், மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஹிட் பாயிண்ட். ஆட்டக்காரர்களின் கை ஓங்குவதைக் கண்டதும் யீமிக் அவரைப் பத்தடி உயர மேட்டின் விளிம்புக்கு இழுத்துவந்து, சமாதானம் பேசாவிட்டால் தள்ளிவிடுவேன் என்கிறான். பத்தடியிலிருந்து விழுந்தால் ஓர் ஆறு முகப் பகடைச் சேதம், அதாவது எந்த எண் விழுந்தாலும் சில்டார் வீழ்ந்துவிடுவார். சில்டாரால் அப்போது யாரையும் அடிக்க முடியாது, எதிரிகளின் எக்ஸ்பிக் கூட்டலிலும் அவர் இல்லை. ஆனால் மேசையில் எல்லாரும் பகடையைக் கீழே வைத்துவிட்டு வாதாடத் தொடங்குவது அவரால்தான்.

உங்கள் சொந்த ஆட்டத்தில் ஒருவரைப் பாதுகாத்துக் கூட்டிப்போகும் காட்சியை வைத்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. எதிரியின் ஒரு தாக்குதல் அவரைக் கொல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று பாருங்கள். கோப்ளினுக்கு +4. ஆர்மர் கிளாஸ் 10 மேல் 75 சதவீதம் படும். சேதம் ஆறு முகப் பகடையுடன் 2, நாலு ஹிட் பாயிண்ட் ஆளை ஆறில் ஐந்து முறை வீழ்த்தும். மொத்தத்தில் ஓர் அடிக்கு 62 சதவீதத்துக்கு மேல். இரண்டு கோப்ளின் நெருங்கினால் அவர் பிழைப்பது அரிது.
2. அந்த எண் பாதிக்கு மேல் இருந்தால், ஒளிய இடம், கவிழ்த்த வண்டி, மூடக்கூடிய கதவு என ஏதாவது ஒன்றைக் காட்சியில் வையுங்கள்.
3. சுழியத்துக்கு வந்ததும் சாவாரா, மயங்குவாரா என்று முன்பே முடிவு செய்யுங்கள். கதைக்கு வேண்டியவர் ஆட்டக்காரர்களைப் போலவே மயங்கி விழுந்து சாவு உருட்டல் உருட்டலாம். விதி அதை அனுமதிக்கிறது.
4. சண்டையின் கடினத்தை ஒரு படி ஏற்றி எழுதுங்கள். ஆட்டக்காரர்களில் ஒருவர் தன் முறையைக் காவலுக்கே செலவழிப்பார்.

ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் வந்துவிடும். எட்டு ஆறு முகப் பகடைகளின் மிகக் குறைந்த கூட்டல் 8. தப்பித்தாலும் பாதி, அதாவது 4. குடிமகனுக்கு இருப்பதும் 4. பகடை எப்படி விழுந்தாலும் அவர் பிழைக்கமாட்டார். பணயக்கைதி இருக்கும் அறையைக் கதவைத் திறக்கும்போதே விவரித்துவிடுங்கள். மந்திரம் போட்ட பிறகு "உள்ளே ஒரு குழந்தை இருந்தது" என்று சொல்லும் டிஎம்மை யாரும் மன்னிக்கமாட்டார்கள், மன்னிக்கவும் வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*வேடிக்கை பார்ப்பவரை எண்ணிக்கையில் சேர்ப்பது.* ஓகர் ஒன்று 450 எக்ஸ்பி, இரண்டாம் லெவல் நால்வருக்கு நடுத்தரம். அதன் குகையில் கட்டிப்போட்ட ஐந்து கிராமத்தாரைக் கூட்டினால் 500 எக்ஸ்பி, ஆறு தலைக்குப் பெருக்கெண் 2, ஆக 1000. தாளில் உயிராபத்து, உண்மையில் அதே ஓகர். மற்றவர்களைவிட மிகப் பலவீனமானவர்களைப் பெருக்கெண்ணுக்கு எண்ணாதீர்கள் என்று கைடே சொல்கிறது.

*விடுதிக்காரரை ஓய்வுபெற்ற மாவீரராக்குவது.* ஆட்டக்காரர் விடுதிக்காரரை மிரட்டியதும், அவர் பழைய பத்தாம் லெவல் போர்வீரர் என்று அந்த நிமிடமே மாற்றுவது பெரிய மோசடி. ஒரு முறை செய்தால் ஆட்டக்காரர்கள் ஊரில் எவரையும் நம்பமாட்டார்கள். மிரட்டலுக்குப் பதில் ஆறாம் படியில் இருக்கிறது. நாளை ஊரில் யாரும் அவர்களுக்கு ரொட்டி விற்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

*ஆட்டக்காரர் லெவல் ஏற ஏற டிசியை ஏற்றுவது.* ஒன்பதாம் லெவலில் திரும்பி வந்தாலும் அதே கணக்குப்பிள்ளை, அதே 20. இப்போது எளிதாக இருக்கிறதா? இருக்கட்டும், அதற்காகத்தானே இத்தனை மாதம் ஆடினார்கள். கடினம் வேண்டுமென்றால் வேறு ஆளைக் கொண்டுவாருங்கள்.

*தோல்வியில் கதையை நிறுத்துவது.* பேரேடு ஒன்றே வழி என்று வைத்து, உருட்டல் தோற்றதும் எல்லாரும் திகைத்து உட்கார்ந்திருப்பது. சுமை இறக்கிய கூலிக்காரர் ஒருவருக்கும் விஷயம் தெரியும் என்று அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.

பாத்ஃபைண்டர் ஆடுகிறவர்களுக்கு

உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் சில பாத்திரங்களுக்குச் சண்டை லெவல் ஒன்று, தொழில் லெவல் ஒன்று எனத் தனித்தனியாகவே கொடுத்திருக்கிறார்கள். 2020-இல் வந்த கேம்மாஸ்டரி கைடில் உள்ள வழக்கறிஞர் சண்டையில் -1, நீதிமன்றத்தில் 4. நாலாம் லெவலுக்கான வழக்கமான டிசி 19. மேலே சொன்ன அட்டையின் இரண்டு எண்களும் இந்த ஆட்டத்தில் அச்சிலேயே கிடைக்கின்றன. டி அண்ட் டி ஆசிரியர்கள் இதை இன்னும் எடுத்துக்கொள்ளாதது எனக்குப் புரியாத விஷயம்.

மேசையில் பாதுகாப்பு

எதிர்த்து அடிக்க முடியாத ஒருவரை ஆட்டக்காரர்கள் கையில் கொடுக்கும்போது காட்சி சில நேரம் கெட்ட திசையில் போகும். கைதியை விசாரிக்கும் காட்சிதான் முதல் இடம். நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஐந்தாமவர் தலைகுனிந்து போனை நோண்டத் தொடங்குவார். அதைக் கவனியுங்கள்.

1. ஆட்டம் தொடங்கும் முன்பே, சித்திரவதை, குழந்தைகளுக்குத் துன்பம் போன்றவை வரலாமா கூடாதா என்று எல்லாரிடமும் கேளுங்கள். தயங்கி வரும் "பரவாயில்லை" என்ற பதிலை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
2. மேசை நடுவில் எக்ஸ் கார்டு வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எளிய முறை இது: யார் அதைத் தொட்டாலும் காட்சி அந்த இடத்திலேயே மாறும், காரணம் கேட்கக் கூடாது.
3. விசாரணையில் கத்தி வெளியே வந்ததும் விவரிப்பை நிறுத்தி, விளைவை மட்டும் சொல்லுங்கள்: "ஒரு மணி நேரம் கழித்து அவர் ஒரு பெயரைச் சொன்னார். அது உண்மையா என்று தெரியவில்லை."
4. கைகலப்பில் கடைசி அடியைக் கொல்லாத அடியாக அடிக்கலாம் என்ற விதியைப் புதியவர்களுக்கு நினைவூட்டுங்கள். நிறையப் பேருக்கு அது தெரியாது, தெரிந்தால் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுப்பார்கள்.

தொடங்கும் முன்

எல்லாருக்கும் அட்டை எழுத உட்காராதீர்கள், மூன்றாவது ஆளோடு சலித்துவிடும். இந்த வார அமர்வில் ஆட்டக்காரர்களுக்குத் தேவையான ஒன்றை வைத்திருக்கும் ஒரே ஒருவருக்கு எழுதுங்கள். அமர்வு முடிந்ததும், அவர்கள் எந்த வழியில் அதை வாங்கினார்கள் என்று அட்டையின் பின்பக்கம் ஒரு வரி குறித்துவையுங்கள். விடுதியில் கஞ்சி ஊற்றுகிறவருக்கு எண் தேவையில்லை.